ஈரம் காயாத மூலை

நாறும்பூநாதன் ரங்கூனில் பதினோரு வருஷம் அரிசிக் கிடங்கு பார்த்தவன். ஆற்றங்கரை மில் அது. சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர், இந்தப் பக்கம் மலைமலையாக அரிசி மூட்டை. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவன் உத்தியோகம். மூட்டைக்கு அடியில் எத்தனை விரற்கடை காற்று ஓட வேண்டும், எந்தச் சன்னலை எந்த மாதம் அடைக்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. மூட்டைக்குள் கையை விட்டு எடுத்து, உள்ளங்கையில் ஒட்டிய தவிட்டைப் பார்த்தே வண்டு வந்துவிட்டதா, இனிமேல்தான் வரப்போகிறதா என்று சொல்லிவிடுவான். ஈரம் ஏறிய மூட்டையை மட்டும் அவன் காப்பாற்றப் பார்த்ததே கிடையாது. இழுத்து வெளியே போட்டுவிடுவான். அது போனால்தான் மற்றது தங்கும்.

1941 மார்கழியில் ரங்கூனில் குண்டு விழுந்தது. மாசி மாதம் அவனும் மனைவி முத்துவடிவும் ஏழு வயது மகள் குழல்வாய்மொழியும் கிளம்பினார்கள். புரோம் வரை ரயில். அங்கிருந்து மலை தாண்டிக் கடற்கரைக்கு நடை. பிறகு படகு, கப்பல், திரும்பவும் ரயில். வைகாசிக் கடைசியில் தென்காசி ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

முத்துவடிவின் பெரியப்பா மகன் சிவனணைந்தபெருமாள் பிள்ளை கடையத்தில் வயலும் தோப்புமாக வசதியாக இருந்தார். குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகிற வழியில், அவருக்கு ஒரு வீடு இருந்தது. சீசனுக்குக் குளிக்க வந்தால் தங்குவதற்கென்று அவர் அப்பா கட்டியது. சண்டைக் காலம் என்பதால் அந்த வருஷம் யாரும் வருவதாக இல்லை. தங்கையைப் பார்த்ததும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. சாவியைக் கொடுத்து, இஷ்டமுள்ள மட்டும் அங்கே இருந்துகொள்ளச் சொன்னார். மழை பெய்தால் பூச்சித் தொந்தரவு கொஞ்சம் ஜாஸ்தி, அது ஒன்றுதான் குறை என்றார்.

கொஞ்சம் என்று அவர் சொன்னது வாய்க்கு வந்த வார்த்தை. ஆனியில் சாரல் பிடித்துக்கொண்டது. மலையை ஒட்டிய வீடு. பின்பக்கத்து மரங்களிலிருந்து இலை உதிர்ந்து உதிர்ந்து சுவரோரம் முழங்கால் உயரத்துக்கு மக்கிக் கிடந்தது. அதிலிருந்து மரவட்டைகள் புறப்பட்டு, வாசற்படி ஏறி, கூடத்துக்குள் ரயில் விட்டன. குளிக்கிற இடத்தில் பூரான். அடுக்களையில் பாச்சை. பழைய காகிதக் கட்டைத் தூக்கினால் வெள்ளி நிறத்தில் ராமபாணப் பூச்சிகள் வழுக்கிக்கொண்டு ஓடின. நிலைப்படியை விரலால் அழுத்தினால் உள்ளே போயிற்று, பாதி செல்லரித்திருந்தது. தொட்டால் உருண்டுகொள்கிற சாம்பல் நிறப் பூச்சி ஒன்று, துணிப்பெட்டிக்கு அடியில் பிடிப்பிடியாகக் கிடந்தது.

வேறு யாரும் அரண்டு போயிருப்பார்கள். நாறும்பூநாதனுக்கோ உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. ஊர் வந்து சேர்ந்ததிலிருந்து கைக்கு வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தவன் அவன். சும்மா இருந்தால் மனசு மலைவழிக்குப் போய்விடும். இப்போது கண்ணுக்கெதிரே, தனக்குத் தெரிந்த எதிரி வந்து நின்றாயிற்று.

அவன் பூச்சியை அடிக்கப் போகவில்லை. பூச்சியை அடித்து மாளாது என்பது அவனுக்குத் தெரியும். அது குடிக்க வருகிற ஈரத்தைத் தேடிப் போனான். முதலில் வெளிவேலை. மக்கிய இலையை எல்லாம் வாரித் தூரக் கொண்டு கொட்டினான். சுவரில் சாய்த்து அடுக்கியிருந்த விறகைக் கலைத்து, கொல்லைக் கோடியில் கல் வைத்து அதன்மேல் அடுக்கினான். வீட்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி, சரளைக் கல் பரப்பினான். இறவாரத்துத் தண்ணீர் சுவரடியில் விழாமல் ஓட மம்பட்டியால் வாய்க்கால் வெட்டினான். கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றினான். பிறகு உள்ளே வந்து, சாரல் ஓய்ந்த நேரமெல்லாம் சன்னலைத் திறந்து வைத்தான். சந்துபொந்தெல்லாம் சுண்ணாம்பு குழைத்து அடைத்தான். மூலைக்கு மூலை சாம்பல் தூவினான். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். பினாயில் ஒரு குப்பிதான் தென்காசியில் கிடைத்தது. அதைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்தான்.

பன்னிரண்டு நாளில் வீடு அடங்கிப்போயிற்று. கூடத்தில் வெறுங்காலோடு நடக்க முடிந்தது. அடுக்களை ஓய்ந்தது. வடக்கு அறையின் ஒரு மூலைதான் பாக்கி.

அது சின்ன அறை. மலையைப் பார்த்த ஒற்றைச் சன்னல். சாமான் எதுவும் கிடையாது. சன்னலுக்கு எதிர்மூலையில் தரை நனைந்திருந்தது. அரிசி புடைக்கிற ஒரு சுளகு அகலம் இருக்கும். முதலில் அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துடைத்துச் சுண்ணாம்புத் தூள் போட்டான். மறுநாள் மத்தியானம் போய்ப் பார்த்தபோது தூள் கரைந்து, இடம் மறுபடியும் நனைந்திருந்தது. அதைச் சுற்றிப் பூச்சிகள் இருந்தன.

பூச்சி இருந்ததில் அதிசயம் இல்லை. இருந்த விதம்தான் அவனை வாசலிலேயே நிறுத்திவிட்டது. மரவட்டை, பாச்சை, அந்தச் சாம்பல் உருண்டை, கடுகுபோலத் துள்ளுகிற வெள்ளைப் பூச்சி, இரண்டு பூரான், எல்லாம் ஈரத்தின் விளிம்பில் வட்டமாக நின்றன. ஒன்றையொன்று கடிக்கவில்லை. தலையெல்லாம் உள்பக்கம். ஈரத்தின் நடுவில் ஒன்றுகூட இல்லை. ஈரம் தேடி வந்த பூச்சி ஈரத்துக்குள் போகாமல் கரையில் நிற்குமா? பதினோரு வருஷத்தில் அவன் அப்படிக் கண்டதில்லை. அந்த இடத்தில் ஏற்கெனவே யாரோ குத்தவைத்து உட்கார்ந்திருப்பதுபோலவும், அவர் எழுந்து போகட்டும் என்று அவை காத்திருப்பதுபோலவும் இருந்தது. உட்கார்ந்திருப்பவர் பெரியவராக இருக்க முடியாது. இடம் அவ்வளவு சின்னது.

விளக்குமாற்றை எடுத்து எல்லாவற்றையும் கூட்டித் தள்ளினான். மறுநாள் மத்தியானமும் அதே வட்டம். அதற்கடுத்த நாளும் அப்படியே.

முத்துவடிவிடம் சொன்னான். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஊர் வந்ததிலிருந்து அவள் பேச்சு குறைந்துவிட்டது. கேட்டதற்குப் பதில் சொல்வாள். தானாக எதுவும் ஆரம்பிக்க மாட்டாள். பிள்ளையின் பெயரை ஒருநாளும் எடுத்ததில்லை. மழைக் காலத்தில் பூச்சி வரத்தான் செய்யும், விட்டுவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

அவனால் விட முடியவில்லை. தென்காசிக்குப் போய்க் கொத்தனார் பீர் மைதீனை அழைத்து வந்தான். பீர் மைதீன் வயதில் மூத்தவர், நிதானமான மனிதர். சுவரைத் தட்டிப் பார்த்தார். கூரையேறிப் பார்த்தார். வெளியே போய் அந்த மூலைக்கு நேராகச் சுவரடியைக் கிளறிப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, ஊற்று எதுவும் கீழே ஓடுகிறதோ என்னவோ, தரையை உடைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

உடைத்தார்கள். மேலே காரை, அதற்குக் கீழே செங்கல். செங்கல்லையும் பெயர்த்தபோது மண் தெரிந்தது. பீர் மைதீன் ஒரு பிடி மண்ணை அள்ளி விரலிடுக்கில் விட்டார். கோடைப் புழுதிபோல அது காற்றில் பறந்தது. ஒரு முழ ஆழம் தோண்டியும் அதே புழுதிதான். வெளியே மலை முழுக்கத் தண்ணீராக வடிந்துகொண்டிருந்தது. இந்தக் குழியில் மட்டும் சித்திரை மாசத்து மண்.

பீர் மைதீன் கையிலிருந்த புழுதியைத் தட்டிவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“அண்ணாச்சி, இது கீழருந்து வார தண்ணி இல்ல. மேலருந்தும் வரல. யாரோ ஊத்துத தண்ணி.”

“இங்கன நானும் அவளுந்தான் இருக்கோம்.”

“அப்ப அந்தம்மாகிட்ட கேளுங்க.”

பீர் மைதீன் செங்கல் பொடியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் ஊற்றி இடித்து, மூலையைப் புதுசாகப் பூசிக் கொடுத்தார். இதற்குள் ஒரு சொட்டு இறங்காது, இது குளத்து மதகுக்குப் போடுகிற பூச்சு என்றார். வேலை முடிந்ததும் கைகால் கழுவக்கூட நிற்காமல் சாரலில் நனைந்துகொண்டே போய்விட்டார்.

நாறும்பூநாதன் அப்புறம்தான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தான். வாய்க்காலிலிருந்து தினம் நான்கு குடம் தண்ணீர் அவன்தான் சுமந்து வருகிறான். இரண்டு பேர் குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ மூன்று குடம் தாராளம். குளியல் அருவியில். ஆனாலும் நாலாவது குடமும் சாயங்காலத்துக்குள் காலியாகிவிடுகிறது.

பூச்சு காய்ந்து மூன்று நாள் கழித்து, தென்காசி சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டான். மேலகரம் வரை போய்த் திரும்பி, மத்தியானம் கொல்லை வழியாக வந்து வடக்கு அறையின் சன்னலோரம் நின்றான். சாரல் ஊசியூசியாக முகத்தில் விழுந்தது. மலையை மேகம் மூடி, பகல் மங்கிக் கிடந்தது.

முத்துவடிவு செம்போடு உள்ளே வந்தாள். மூலையில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள். செம்பைச் சாய்த்து, மெல்லிய நூலாகத் தண்ணீரை விட்டாள். சிந்தவில்லை. ஒரு சின்ன வாய்க்குள் ஊற்றுகிறவள் எப்படிப் பார்த்துப் பார்த்து ஊற்றுவாளோ அப்படி ஊற்றினாள். நடுவில் நிறுத்தினாள். மூச்சு விட இடம் கொடுத்ததுபோலக் கொஞ்சம் காத்திருந்து, மறுபடி ஊற்றினாள்.

“மெதுவாக் குடி,” என்றாள். “பொரை ஏறிரும்.”

சுவரோரத்து இடுக்குகளிலிருந்து பூச்சிகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. அவள் காலை ஒட்டியே ஊர்ந்து போய் வட்டம் கட்டி நின்றன. அவள் அவற்றைப் பார்க்கவேயில்லை.

நாறும்பூநாதன் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தான். கோபப்பட வேண்டும் என்று நினைத்துத்தான் வந்தான். வாசலில் அவனைக் கண்டதும் அவள் திடுக்கிடவில்லை. செம்பை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டாள். என்ன செய்கிறாய் என்று கேட்டான். வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலிருந்தே மூலையில் மகள் குழலு தண்ணீர் கேட்கிறாள் என்றாள். சமையல் செய்யும்போது கேட்கும், துணி மடிக்கும்போது கேட்கும். ஊற்றினால் அன்றைக்கு ஓய்ந்துவிடும். இதைச் சொல்லும்போது அவள் குரல் சாதாரணமாக இருந்தது. அண்டை வீட்டில் நடப்பதைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

தாய் மனசு, பித்துப் பிடித்ததுபோல ஆகியிருக்கிறது, வேறொன்றுமில்லை என்று அவன் தன்னைத் தேற்றிக்கொண்டான். அவளை எழுப்பக் கையை நீட்டினான். அப்போது அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சொன்னாள்:

“தண்ணின்னு மட்டும் கேட்டா எனக்குப் புரியும். ‘இடுப்புல இருக்கதுல ஒரு வாய் தாங்கப்பா’ன்னுல்லா கேக்கா. அது என்ன இடுப்புல? எனக்கு ஒண்ணும் வெளங்கல.”

நாறும்பூநாதனின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

அந்த வார்த்தையைக் கேட்டது உலகத்திலேயே அவன் ஒருவன்தான்.

மலைவழியில் நாலாம் நாள் மத்தியானம் அது. ஓடையெல்லாம் வறண்டு கிடந்தது. முன்னால் போனவர்களும் பின்னால் வந்தவர்களும் வழியோரம் விழுந்து கிடந்தார்கள். குழலுக்கு விடியற்காலையிலிருந்து பேதி. முத்துவடிவு காய்ச்சலில் நினைவு தப்பி ஒரு மூங்கில் புதர் நிழலில் கிடந்தாள். அவன் இடுப்பில், வேட்டிக்குள், துண்டால் சுற்றிக் கட்டி ஒரு குப்பி இருந்தது. அதில் பாதித் தண்ணீர். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிள்ளையின் கண் உள்ளே போய்விட்டது, தோல் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. சாயங்காலம் வரை தாங்காது. அவள் தாங்கக்கூடும். கிடங்கில் எத்தனையோ நாள் செய்ததுபோல மனசுக்குள் பிரித்து வைத்துவிட்டான். யோசித்தது அரை நிமிஷம்கூட இருக்காது.

பிள்ளை குப்பியின் மேட்டைப் பார்த்துவிட்டது. இடுப்பில் இருப்பதில் ஒரு வாய் தாருங்கள் அப்பா என்று கேட்டது. அது வெறும் குப்பியம்மா என்றான். பிள்ளை அவன் முகத்தைப் பார்த்தது. அதற்குப் பிறகு கேட்கவில்லை. பொழுது சாயும் முன்பே போய்விட்டது. முத்துவடிவுக்கு நினைவு வந்ததும் அவளைத் தூக்கி உட்கார வைத்து, அந்தத் தண்ணீர் முழுவதையும் அவள் வாயில் ஊற்றினான். எங்கே கிடைத்தது என்று கேட்டாள். வழியில் போன ஒரு பர்மாக்காரன் கொடுத்தான் என்றான்.

இப்போது அந்த அறையில் நின்றுகொண்டு, தனக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்று அவளிடம் சொன்னான்.

மறுவாரம் கடையத்தில் சிவனணைந்தபெருமாள் பிள்ளை மகளுக்குச் சடங்கு. வண்டி அனுப்பியிருந்தார். அவன் முத்துவடிவை மட்டும் அனுப்பி வைத்தான். தான் ஒருவாரம் இருந்து வீட்டைக் காய வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. அவள் வண்டியில் ஏறும்போது, தான் வரும்வரை பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றும்படி சொன்னாள். அவன் தலையாட்டினான்.

அவன் ஊற்றவில்லை. மூலையைத் துடைத்து, குமுட்டி அடுப்பில் கரி போட்டு, அறை நடுவில் வைத்தான். சன்னலை மூடிச் சுண்ணாம்புக் கட்டிகளைக் கூடையில் போட்டு நான்கு பக்கமும் வைத்தான். ஒவ்வொரு நாளும் உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தான். முதல் நாள் ஜில்லென்றிருந்தது. இரண்டாம் நாள் இல்லை. நாலாம் நாள் தரை சுட்ட ஓடுபோலக் காய்ந்து கிடந்தது. பூச்சி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பல்லி கூட வரவில்லை. அறையில் நின்றால் உதடு வெடித்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டான். ஆனால் அந்த அறையை விட்டு வந்த பிறகும் நாக்கு வறண்டுபோயே இருந்தது. எவ்வளவு குடித்தும் அடங்கவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் கயிற்றுக்கட்டிலில் படுத்தான். வெளியே சாரல் நின்று, வெயில் தலைகாட்டியிருந்தது. கண் அயர்ந்தவனுக்கு இடுப்பில் ஏதோ ஜில்லென்று இருக்கவே விழிப்பு வந்தது.

முதலில் சுவரைத்தான் பார்த்தான். வடக்கு அறையின் மூடிய கதவுக்கு அடியிலிருந்து கருப்பாக ஒரு கோடு கிளம்பி, கூடத்தைக் கடந்து, கட்டில் கால் வழியாக மேலேறியிருந்தது. கோடு மெல்ல அசைந்தது. அவன் தலையைத் தூக்கித் தன்னைப் பார்த்தான். வேட்டியில், இடது இடுப்பில், குப்பி அளவுக்கு ஒரு நீளமான ஈரம். மற்ற இடமெல்லாம் உலர்ந்த துணி. அந்த ஈரத்தைச் சுற்றி, வயிற்றிலும் தொடையிலும் கயிற்றிலுமாக, மரவட்டையும் பாச்சையும் அந்தச் சாம்பல் பூச்சியும் வட்டம் கட்டி நின்றன. தலையெல்லாம் உள்பக்கம். அசையவில்லை. காத்திருந்தன.

எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தானோ தெரியாது. பிறகு, யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே, வாய்க்குள் சொன்னான்: “குப்பில தண்ணி இருந்துச்சும்மா.”

பூச்சிகள் கலைந்தன. அவசரமில்லாமல், வந்த வழியே இறங்கிக் கதவுக்கு அடியில் போய் மறைந்தன. ஈரம் அங்கேயே இருந்தது. தொட்டு முகர்ந்து பார்த்தான். வேர்வை நாற்றம் இல்லை. வெறும் தண்ணீர்.

அன்றைக்கே தென்காசிக்கு நடந்து, கடையத்துக்கு ரயிலேறினான். இரவு அங்கே தங்கி, காலையில் முத்துவடிவை அழைத்துக்கொண்டு திரும்பினான். அவள் வீட்டுக்குள் வந்ததும் மூட்டையைக்கூட இறக்காமல் வடக்கு அறைக் கதவைத் திறந்தாள். காய்ந்த தரையைப் பார்த்தாள். கரி அடுப்பைப் பார்த்தாள்.

“ஊத்தலையா?”

நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். மூங்கில் புதர், குப்பி, பிள்ளை கேட்டது, தான் சொன்ன பொய், பர்மாக்காரன் என்று அவளிடம் சொன்ன பொய், நேற்று இடுப்பில் வந்த ஈரம் என எதையும் விடவில்லை. தனக்குச் சாதகமாக எதையும் சேர்க்கவும் இல்லை. பிள்ளை எப்படியும் பிழைத்திருக்காது என்ற ஒரு வாக்கியம் தொண்டை வரை வந்தது. அதை விழுங்கிவிட்டான்.

முத்துவடிவு சுவரில் சாய்ந்துகொண்டாள். வெளியே அருவியின் இரைச்சல் ஏறி இறங்கியது.

“எவ்வளவு இருந்துச்சு?”

“அரைக் குப்பி.”

“அதத்தான் நான் குடிச்சனா?”

“ஆமா.”

அவள் அழுவாள், அடிப்பாள் என்றெல்லாம் எதிர்பார்த்துத்தான் நின்றான். அவள் வெளியே போனாள். குடத்திலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு, முற்றத்தில் நின்று வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். மறுபடியும் கொப்பளித்தாள். மூன்றாம் முறையும். நாலு மாசத்துக்கு முன் இறங்கிப்போன தண்ணீரை என்ன செய்ய முடியும் என்று அவளுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கும். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். செம்பை அவன் முன்னால் தரையில் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை.

“அவ என்ட்ட கேக்கல. உங்ககிட்டல்லா கேட்டிருக்கா. இனி நீங்க ஊத்துங்க.”

அன்று மத்தியானம் அவன் ஊற்றினான். மூலையில் குத்தவைத்து, அரைக் குப்பி அளவு தண்ணீரை, நூலாக விட்டான். முதலில் கொஞ்சம் சிந்திற்று. பீர் மைதீன் பூசிய தரை அது. சொட்டு இறங்காது என்று அவர் சொன்னது பொய்யில்லை; மற்ற இடத்தில் விழுந்த துளி முத்து முத்தாக நின்றது. ஆனால் மூலையில் விட்ட தண்ணீர் விழுந்த இடத்திலேயே போய்க்கொண்டிருந்தது. பரவவில்லை. குனிந்து கேட்டால், சிறு தொண்டையில் இறங்குவதுபோல ஒரு சத்தம் மட்டும் வந்தது. செம்பு காலியானதும் அந்தச் சத்தமும் நின்றது. தொட்டுப் பார்த்தான், தரை உலர்ந்திருந்தது.

பூச்சிகள் வரவில்லை.

ஆடி முழுக்க ஊற்றினான். மலையில் வெள்ளம் வந்து பேரருவிப் பக்கம் யாரும் போக முடியாமல் இருந்த நாட்களிலும், காய்ச்சலில் எழுந்திருக்க முடியாத இரண்டு நாளும், சுவரைப் பிடித்துக்கொண்டு போய் ஊற்றினான். முத்துவடிவு அந்த அறைக்குள் வரவில்லை. அவளுக்கு இப்போது குரல் கேட்கவில்லை. வாசல் வரை வந்து, அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போவாள். அவள் நிற்பது அவனுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்க மாட்டான். ஊற்றும்போது அவன் பிள்ளையிடம் ஏதாவது பேசினானா என்று அவளும் கேட்கவில்லை.

ஆவணி பிறந்து பத்து நாள் இருக்கும். சாரல் குறைந்து, மலை துடைத்துவிட்டதுபோலத் தெரிந்த ஒரு மத்தியானம். வழக்கம்போல ஊற்றினான். தண்ணீர் இறங்கவில்லை. மூலையில் சின்னக் குட்டையாகத் தேங்கி, நிறைந்து, சன்னல் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் வழிந்து அவன் பாதத்தைத் தொட்டது. இன்னும் கொஞ்சம் விட்டுப் பார்த்தான். அதுவும் வழிந்தது. காதைத் தரையில் வைத்துக் கேட்டான். ஒரு சத்தமும் இல்லை.

முத்துவடிவைக் கூப்பிட்டான். அவள் வந்து, அவன் ஊற்றத் தொடங்கிய பிறகு முதல் தடவையாக அறைக்குள் காலெடுத்து வைத்து, தேங்கிய தண்ணீரைப் பார்த்தாள்.

“போதும்போல,” என்றாள். பிறகு, “தொடச்சிருங்க. நின்னா பூச்சி வந்துரும்.”

அவன் துண்டை அவிழ்த்துத் துடைத்தான். பிழிந்து பிழிந்து, தரை பளபளக்கும்வரை துடைத்தான். அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அடுக்களையில் உலை கொதிக்கிற சத்தம் கேட்டதும் போய்விட்டாள்.

புரட்டாசியில் அவர்கள் தென்காசிக்குக் குடிபோனார்கள். அங்கே ஒரு தானிய வியாபாரியிடம் கிடங்கு பார்க்கும் வேலை அவனுக்குக் கிடைத்தது. குற்றாலத்து வீட்டில் அதற்கப்புறம் பூச்சித் தொல்லை இருந்ததாகத் தெரியவில்லை. சிவனணைந்தபெருமாள் பிள்ளை வடக்கு அறையில் விதைநெல் போட்டு வைத்தார். எத்தனை மழை அடித்தாலும் ஒரு வண்டு அண்டுவதில்லை, ஆனால் அந்த மூலையில் போட்ட நெல் மட்டும் எப்போதும் சூடாக இருக்கிறது என்று பார்த்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முத்துவடிவு புருஷனோடுதான் இருந்தாள். சமைத்துப் போட்டாள், அவனுக்கு உடம்புக்கு முடியாதபோது பக்கத்திலிருந்து பார்த்தாள், தேருக்கும் திருவிழாவுக்கும் சேர்ந்தே போனாள். அக்கம்பக்கத்தில் யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரிந்ததில்லை. தாகம் எடுத்தால் மட்டும் தானே எழுந்து போய் மொண்டு குடித்துக்கொள்வாள். அவன் கையால் ஒரு வாய் தண்ணீர் அவள் வாங்கிக் குடித்ததில்லை. நாறும்பூநாதனும் ஒருநாளும் நீட்டியதில்லை.